கையை வைங்க

நர்ஸம்மா பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்து, உள்ளேயிருந்த மஞ்சள் பஞ்சை எடுத்து வெந்நீர்ப் பாத்திரத்தில் முக்கப் போன நேரத்தில், வீட்டுக்காரர் கடைசிவிலை குறுக்கே வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அது வேணாம்."

"எது வேணாம்?"

"அந்தப் பஞ்சு. ஆஸ்பத்திரியில ஒன்பது நாளா அதாலதான் தொடச்சாங்க. அவளுக்குப் பிடிக்கல."

நர்ஸம்மா மேசையைப் பார்த்தார். வெள்ளைப் போர்வைக்கு அடியில் படுத்திருந்தவளின் பிடித்தது பிடிக்காதது எல்லாம் காலை ஐந்தே முக்காலோடு முடிந்துவிட்டன என்று சொல்ல வாய் வரை வந்தது. கீழ் மாடியில் பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிற பழக்கம் அதை விழுங்க வைத்தது.

"ஒன்றரைக்கு எனக்கு டியூட்டிக்கு பஸ். மூணு மணிக்கு உங்களுக்கு வண்டி வந்துடும். எதால தொடைக்கணும்னு சொல்லுங்க, அதால தொடைக்கிறேன்."

"அவ தைச்ச கையுறையால."

"கொண்டாங்க."

"இல்ல. தைக்கணும். ஒரு ஒன்றரை மணி நேரம் கொடுங்க."

"ஐயா, இப்பவே பன்னெண்டு ஆகப் போகுது. அரை மணி."

"ஒரு மணி."

"அரைன்னா அரைதான்."

"முக்கால். இதுதான் கடைசி விலை."

அந்த வார்த்தை தானாக வந்துவிட்டது. அறையில் இருந்த மகளும் மச்சினியும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸம்மா பஞ்சைப் பழையபடி உறைக்குள் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முக்காலுக்குப் படிந்துவிட்டது.

கடைசிவிலை என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சனிக்கிழமைச் சந்தைக்காரர்கள் வைத்தது. எந்த வாடிக்கையாளர் வந்தாலும் 'இதுதான் கடைசி விலை' என்றுதான் பேச்சையே தொடங்குவார். அதற்குப் பிறகு ஐந்தாறு படி இறங்கி வருவார். வெறுங்கையோடு ஒருவரைத் திருப்பி அனுப்புவது மட்டும் அவரால் முடியாத காரியம். வந்தவர் கடையின் முன்னால் நின்று துணியைத் தொட்டுவிட்டால் போதும். தொடுகிற விதத்திலிருந்தே, இவர் தனக்கு வாங்குகிறாரா வீட்டில் இருப்பவருக்கு வாங்குகிறாரா, அவரோடு சண்டையா சமாதானமா என்பது வரை சொல்லிவிடுவார்.

"முதுகு எட்டாதவங்களுக்கு முதுகுப் பட்டை! எட்டுறவங்களுக்குக் கையுறை! சோப்பு வழுக்குதுன்னு சொல்றவங்களுக்குச் சோப்புப் பை! குளிக்கவே சோம்பலா இருக்கிறவங்க, ஒண்ணு வாங்கி மாட்டி வைங்க, பார்க்கிறவங்க குளிச்சதா நினைச்சுக்குவாங்க!"

கத்துவது அவர். தைப்பது மனைவி. இருபத்தாறு வருடமாக அதுதான் ஏற்பாடு. முதலில் தையற்கடைகளில் மிஞ்சிய துவாலைத் துணி, காய்கறி வரும் வலைப் பை, பழைய எலாஸ்டிக், ரிப்பன் துண்டு என்று கையில் கிடைத்ததை வைத்துத்தான் தொடங்கினாள். பிறகு துணியைச் சுருளாக வாங்க ஆரம்பித்தார்கள். ஆனாலும் வேலை அதே வேலைதான். முதுகுப் பட்டைக்கு இரண்டு முனையிலும் கைப்பிடி வைப்பாள். சோப்புப் பையைச் சணல் கயிற்றில் பின்னுவாள். வலை ரிப்பனைச் சுருக்கி நடுவில் இழுத்துக் கட்டி முட்டைக்கோஸ் மாதிரி உருண்டை பண்ணுவாள். ஆனால் கடையை நிலைநிறுத்தியது கையுறைதான். ஒரு பக்கம் துவாலை, ஒரு பக்கம் வலை. வலை உள்ளங்கைப் பக்கம் வரும். அது அழுக்கைத் தேய்க்க. துவாலை புறங்கைப் பக்கம். அது திருப்பித் துடைக்க. கட்டை விரலுக்குத் தனி இடம். மற்றவர்கள் விற்கும் உறையில் கட்டை விரல் இருக்காது, வெறும் பை. "கட்டை விரல் இல்லாத உறை சோப்பைப் பிடிக்காது" என்பாள். அதிகம் பேசாதவள் அதை மட்டும் அடிக்கடி சொல்லுவாள்.

இப்போது அவள் படுத்திருப்பது அவளுடைய வெட்டு மேசையின் மேல். நின்றுகொண்டே துணி வெட்டினால் முதுகு வலிக்கக்கூடாது என்று தச்சரிடம் தன் இடுப்பு உயரத்தைக் காட்டிச் செய்யச் சொன்ன மேசை. கட்டிலில் கிடத்தினால் குனிந்து குனிந்து தன் இடுப்பு போய்விடும் என்று சொன்ன நர்ஸம்மா, வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்து, "இது சரியான உயரம்" என்று அதைத் தேர்ந்தெடுத்தார். மேலே கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன் மேல் அவளைக் கிடத்தினார்கள். உயரம் சரியாகத்தான் இருந்தது.

"அப்பா, எதுக்குப் புதுசா தைக்கணும்?" என்றாள் மகள். டவுன் பஸ் ஓட்டுகிறவள். முதல் டிரிப் பாதியில் செய்தி வந்து, டிரிப்பை முடித்து, வண்டியை டிப்போவில் ஒழுங்காக நிறுத்திவிட்டுச் சீருடையோடு வந்திருந்தாள். "குளியலறைக் கொக்கியில அம்மாவோடது ஒண்ணு எப்பவும் தொங்குமே? நீல எலாஸ்டிக் போட்டது?"

"இல்ல அங்க."

"நான் பார்க்கிறேன்."

போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு பீரோ. பிறகு சந்தைக்குக் கொண்டுபோகும் இரண்டு பெட்டிகள். பெட்டிகளுக்குள் மேசை விரிப்பும் இடுக்கிகளும் மட்டும் இருந்தன. அவள் நான்காவதாகக் கட்டிலுக்கு அடியில் குனிந்தபோது அவர் சொன்னார்.

"தேடாத. வித்துட்டேன்."

"எதை?"

"கொக்கியில இருந்ததை."

மகள் எழுந்து நின்றாள். முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள்.

"அம்மா குளிக்கிறதையா?"

"துவைச்சு, காய வச்சுதான் கொடுத்தேன். போன மாசம் ஒரு அம்மா வந்தாங்க. எல்லாம் வித்துப்போச்சுன்னு சொன்னேன், போக மாட்டேன்னுட்டாங்க. இன்னொரு சந்தைக்கு அலையுற மாதிரி முகம். வீட்டுல ஒண்ணு இருக்கு, அடுத்த வாரம் கொண்டு வரேன்னுட்டேன். உங்கம்மாதான் புதுசு தைச்சுக்குவாளே. அதுக்குள்ள..."

அதற்குள் அவளால் எழுந்து நிற்க முடியாமல் போய்விட்டது.

மச்சினி ஜன்னலோரம் உட்கார்ந்து அக்காவின் சீப்பிலிருந்து முடியை எடுத்துக்கொண்டிருந்தாள். பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருப்பவள். அக்காவுக்குக் கடைசியாகத் தலை வாரத் தன் பையோடு வந்திருந்தாள். அவளும் அக்காவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதைப் பேச்சை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

"நல்லவேளை அத்தான், அக்கா ஆஸ்பத்திரியில படுத்தா. வீட்டுலயே படுத்திருந்தா அவளையும் யாராவது கேட்டாங்கன்னு கொடுத்திருப்பீங்க."

அவர் மகள் திறந்து போட்ட பெட்டிகளை மூடினார். சொன்னது மச்சினிக்கே பிடிக்கவில்லை. சீப்பைக் கீழே வைத்தாள்.

"சரி, என்ன வேணும்னு சொல்லுங்க. முக்கால் மணியில அஞ்சு நிமிஷம் போச்சு."

"துவாலை. வலை. எலாஸ்டிக். அட்டை."

துவாலை இருந்தது. ஆஸ்பத்திரிக்கென்று வாங்கி, பிரிக்காமலே திரும்பி வந்தது. எலாஸ்டிக்கை அவருடைய இரவு உடையிலிருந்து மச்சினி உருவினாள். வலைக்குத்தான் வழியில்லை, சுருள் தீர்ந்து போயிருந்தது. மகள் சமையலறையில் வெங்காயம் இருந்த வலைப் பையைக் கவிழ்த்தாள். வெங்காயங்கள் தரையில் உருண்டு ஒன்று ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. வலையைச் சோப்புத் தண்ணீரில் கசக்கி, நர்ஸம்மாவின் வெந்நீரில் கொஞ்சம் கடன் கேட்டு அலசி, மூன்றாக மடித்துக் கொண்டு வந்து கொடுத்தாள். மோந்து பார்த்தார்.

"வாசனை போகல."

"அம்மா முதல் முதல்ல தைச்சது இதுலதானே?"

"ஆமா. அதை நாலு பேருக்கு வித்தேன். எலுமிச்சை வாசனைன்னு சொல்லி."

மச்சினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேசையைப் பார்த்து அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

இனி அட்டை. வெட்டுவதற்கு அளவு அட்டை வேண்டும். அது எங்கே என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் அவரிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் மனம் வந்திருக்காது.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை அட்டையின் ஓரம் கத்தரி பட்டுப் பட்டு நைந்துபோகும். அப்போது புது அட்டையை வெட்டு மேசையின் விளிம்பில் வைத்துக்கொண்டு கூப்பிடுவாள்.

"இங்க வாங்க. கையை வைங்க."

அவர் பெரும்பாலும் போனில் இருப்பார். இடது கையில் போனைப் பிடித்துப் பேசியபடியே வலது கையை நீட்டிக் கொடுப்பார். அதை அவள் அட்டையின் மேல் திருப்பி வைத்து, மணிக்கட்டை ஒரு விரலால் அழுத்தி, "விரலை விரிங்க" என்பாள். பென்சில் மணிக்கட்டில் புறப்பட்டு, கட்டை விரலைச் சுற்றி ஏறி இறங்கி, ஆள்காட்டி விரலுக்குப் போய், அதற்கும் நடு விரலுக்கும் இடையில் இறங்கி, அங்கே ஒரு நொடி நின்று கூசச் செய்து, மறுபடி ஏறும். ஐந்து விரலும் முடியக் காபி ஆறிவிடும்.

"உறைக்கு விரல் எதுக்கு? சுத்தி ஒரே கோடா போட்டா முடிஞ்சுது."

"ஆடாதீங்க."

வரைந்து முடித்துக் கத்தரியை எடுத்தாள் என்றால், விரல்களின் கோடுகளையெல்லாம் விட்டுவிட்டுச் சுற்றி ஒரே கோடாகத்தான் வெட்டுவாள். தொழில் தெரிந்தவளுக்கு இந்தச் சின்ன விஷயம் தெரியவில்லையே என்று அவர் பல தடவை நினைத்ததுண்டு. நேரம் வீணாவது அவருடைய நேரமும் சேர்த்துத்தானே. ஊரில் எத்தனை முதுகு தன் கை அளவில் தேய்க்கப்படுகிறது என்று மட்டும் சில சமயம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாளும் கூப்பிட்டாள். பழைய அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டாள். புது அட்டை மேசை விளிம்பில் இருந்தது. அவர் ஒரு விடுதிக்காரரோடு போனில் விலையை நாலாவது படி இறக்கிக்கொண்டிருந்தார். விட்டால் அந்த ஆள் போய்விடுவார். "அப்புறம்" என்று கையால் சைகை காட்டினார்.

அந்தப் புது அட்டை இன்னமும் இருந்தது. மேசை இப்போது காலியாக இல்லாததால் எடுத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தார். பென்சிலை எடுத்தார். கையை வைத்தார். விரலுக்குள் எல்லாம் போகவில்லை. சுற்றி ஒரே கோடு. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

கத்தரியைத் தேடினார். அகப்பட்டதை எடுத்து அட்டையில் வைத்து இரண்டு வெட்டு வெட்டுவதற்குள் மச்சினி அலறினாள்.

"ஐயோ அத்தான்! அது முடி வெட்டுற கத்தரி! அட்டையில வச்சா செத்துப்போயிடும்!"

அந்தச் சொல் அறையைத் தாண்டிப் போய் நர்ஸம்மாவின் காதிலும் விழுந்தது. மச்சினி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"துணிக் கத்தரி மெஷின் டிராயர்ல இருக்கு," என்றாள் மகள், வழக்கமான குரலில். அதோடு எல்லோரும் மறுபடி வேலையைப் பார்த்தார்கள்.

துவாலையில் ஒன்று, வலையில் ஒன்று. வெட்டியாயிற்று. மெஷினில் நூலை மச்சினி கோர்த்துக் கொடுத்தாள். "நகருங்க, நான் தைக்கிறேன்" என்று அவள் சொன்னதற்கு அவர் நகரவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தது, பல்பு மாற்ற ஏறி நின்றதைத் தவிர்த்தால், இதுதான் முதல் தடவை. மிதியை மிதித்தார்; துணி ஓடி ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பிரித்து மறுபடி ஓட்டினார். கட்டை விரல் வளைவில் ஊசி நின்றது.

"அங்க நிறுத்தி, ஊசியைக் கீழ விட்டு, துணியைத் திருப்பணும் அத்தான். பஸ் வளைவுல திரும்புற மாதிரி."

"நாங்க ஊசியெல்லாம் கீழ விடுறதில்ல சித்தி," என்றாள் மகள்.

மெஷின் சத்தத்தில் நினைவு எங்கெங்கோ போயிற்று. ஆஸ்பத்திரியில் முதல் நாள் அவளை மஞ்சள் பஞ்சால் துடைத்துவிட்டுப் போனதும் அவள் சொன்ன முதல் வார்த்தை வலியைப் பற்றியது இல்லை.

"இது தேய்க்கல. தடவுது."

"கடைச் சாமான்," என்றார் அவர்.

"நம்மோடது ஒண்ணு கொண்டு வாங்க."

"நாளைக்குக் கொண்டு வரேன்."

இரண்டாம் நாளும் நாளைக்கு. நான்காம் நாள் மறந்துவிட்டேன் என்றார். ஐந்தாம் நாளிலிருந்து அவள் கேட்கவில்லை. ஏழாம் நாள் கண்ணை மூடிக்கொண்டே, "கொக்கியில இருந்ததும் போயிடுச்சா?" என்றாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். "என்ன விலைக்குப் போச்சு?" என்று கேட்டாள். விலையைச் சொன்னார். தூங்கிவிட்டாள் என்று அவர் எழுந்தபோது சொன்னாள்.

"குறைச்சுட்டீங்க."

அதற்கப்புறம் இரண்டு நாள் பெரும்பாலும் மயக்கம்தான். தொழிலைப் பற்றி அவளோடு பேசிய கடைசிப் பேச்சு அதுவாகிவிட்டது.

கையுறை முடிந்தது. எலாஸ்டிக் கொஞ்சம் தளர்வு, தையல் கொஞ்சம் கோணல், வெளியே இரண்டு நூல் தொங்கியது. சந்தையில் இதை யாராவது கொடுத்தால் தூக்கிப் போட்டுவிட்டு நடப்பார். இருந்தாலும் கையுறைதான். உள்ளே விட்டு வெளியே திருப்பி, உதறி, மகளிடம் நீட்டினார்.

மகள் வலது கையில் மாட்டினாள். கழற்றினாள். திருப்பி மாட்டினாள்.

"அப்பா, வலை புறங்கைப் பக்கம் வருது."

"திருப்பிப் போடு."

"திருப்பிப் போட்டா கட்டை விரல் அந்தப் பக்கம் போகுது. இங்க பாருங்க." இடது கையில் மாட்டிக் காட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. "இது இடது கைக்கு."

"எப்படி? என் கையை வச்சுத்தானே வரைஞ்சேன்."

"எந்தக் கையை?" என்றாள் மச்சினி.

"என் கையைத்தான்."

"பென்சில் எந்தக் கையில இருந்துது அத்தான்?"

அவர் யோசித்தார். வலது கையைத் தூக்கிப் பார்த்தார். அதில் இன்னும் பென்சில் கரி இருந்தது.

"அப்ப வச்சது இடது," என்றாள் மச்சினி. "எல்லாருக்கும் அப்படித்தானே வரும். தன் கையைத் தானே வரைஞ்சா."

அவருடைய முகம் போன போக்கைப் பார்த்து மகள் இடையில் புகுந்தாள். "அதனால ஒண்ணும் இல்லப்பா. அட்டையைத் திருப்பிப் போட்டு வெட்டியிருந்தா வலது கை வந்திருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்."

"திருப்பிப் போட்டா?"

மகள் தரையிலிருந்து அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் தொடையில் வைத்தார். இடது கை. திருப்பினார். வலது கை. மறுபடி திருப்பினார்.

"இது போதுமா?"

"போதுமே. அம்மா பின்ன எப்படிப் பண்ணியிருப்பாங்க? தன் கையை வச்சு வரைஞ்சு திருப்பியிருப்பாங்க. இல்லாட்டி பழைய அட்டையைப் புது அட்டை மேல வச்சு ஒரு கோடு."

"இல்ல," என்றார் அவர். "அவ என் கையை வரைவா."

"உங்க கையா? எதுக்கு?"

அட்டை இன்னொரு தடவை திரும்பியது.

"ஒவ்வொரு அட்டைக்கும். கூப்பிட்டு, கையை வைங்கன்னு சொல்லி. விரலையெல்லாம் விரிக்கச் சொல்லி, ஒவ்வொரு விரலுக்கு நடுவுலயும் போய் வருவா. நான் போன் பேசிக்கிட்டு இருப்பேன்."

"உறைக்கு விரல் எதுக்..." என்று தொடங்கிய மச்சினி அங்கேயே நிறுத்திக்கொண்டாள். குனிந்து, தரையில் கிடந்த நூல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே பொறுக்கிய இடத்திலும் மறுபடி பொறுக்கினாள். மகள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு சீருடைச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

துணியைத் தொடுகிற விதத்தில் வாடிக்கையாளரின் வீட்டுச் சங்கதி வரை சொல்லிவிடுகிற மனிதர், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முக்கால் மணி ஆச்சுங்க," என்றார் நர்ஸம்மா வாசலில் நின்று.

"இன்னொண்ணு தைக்க நேரம் இருக்கா?" என்று மகள் கேட்டாள்.

"இல்லம்மா. வெந்நீர் இப்பவே ஆறிப்போச்சு, மறுபடி சுட வச்சிருக்கேன். ஆனதைக் கொடுங்க." வாங்கி மாட்டிப் பார்த்தார். "இடது கைக்கா? எனக்கு இடது கையில ஒண்ணும் வராது. ஊசிகூடப் பிடிக்க மாட்டேன். பஞ்சையே எடுத்துக்கட்டுமா?"

கடைசிவிலை எழுந்தார். உட்கார்ந்திருந்ததில் ஒரு கால் மரத்துப் போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கொடுங்க. நான் போட்டுக்கறேன்."

"உங்களுக்கு இடது கை பழக்கமா?"

"போன் பிடிச்ச பழக்கம்."

நர்ஸம்மா ஒரு நொடி யோசித்தார். "சரி. முகமும் ரெண்டு கையும் நீங்க பண்ணுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன். வலையால முகத்துல தேய்க்கக் கூடாது."

"தெரியும். முகத்துக்குத் துவாலைப் பக்கம்."

"தெரியுமா?"

"இருபத்தாறு வருஷமா அதைத்தான் கத்திக்கிட்டு இருக்கேன்."

மேசை அருகே போனார். நர்ஸம்மா போர்வையைத் தோள் வரை இறக்கிவிட்டு, பாத்திரத்தைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். வெந்நீரில் ஆவி பறந்தது. கையுறையை முக்கி, விரல்களை மடக்கிப் பிழிந்தார். துவாலைப் பக்கம் திருப்பி நெற்றியிலிருந்து தொடங்கினார். இடது கை சொன்னபடி கேட்கவில்லை. போகிற இடத்துக்கு நேராகப் போகாமல் கொஞ்சம் சுற்றிப் போயிற்று. அதனால் மெதுவாகத்தான் செய்ய வேண்டியிருந்தது. கன்னம், காதின் பின்புறம், தாடை. அவள் காதின் பின்புறம் ஒரு சிறிய மச்சம் இருந்தது. அழுக்கு என்று நினைத்து இரண்டு முறை துடைத்தார். மூன்றாவது முறை விட்டுவிட்டார்.

கைகளுக்கு வலைப் பக்கம். தோளிலிருந்து கீழே. ஆஸ்பத்திரியில் ஊசிக்கு ஒட்டிய பட்டையின் பசை முழங்கையில் கறுப்பாக ஒட்டியிருந்தது. ஒன்பது நாள் மஞ்சள் பஞ்சு அதன் மேல் தடவிவிட்டு மட்டும் போயிருந்தது. வலையை வைத்துச் சின்ன வட்டமாகத் தேய்த்தார். நாலு வட்டம், ஐந்து வட்டம். பசை சுருண்டு சுருண்டு வந்துவிட்டது.

நர்ஸம்மா குனிந்து பார்த்தார்.

"நல்லா எடுக்குதே. ஸ்பிரிட் போட்டாகூட இவ்வளவு சீக்கிரம் வராது. எங்க வார்டுக்கு இதுல ஒரு பத்துப் பன்னெண்டு இருந்தா நல்லா இருக்கும்."

அவருடைய வாய் பழக்க தோஷத்தில் திறந்தது. மச்சினியும் மகளும் வாசலில் நின்றபடி அந்த வாயையே பார்த்தார்கள். மூடிக்கொண்டது. கையுறையை மறுபடி வெந்நீரில் முக்கிப் பிழிந்தார்.

விரல்களுக்கு வந்தார். சுண்டு விரலில் தொடங்கினார். அவள் ஆள்காட்டி விரலின் நுனியில், ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன இடம் வலையில் லேசாக மாட்டி விடுபட்டது. இரண்டு விரலுக்கு நடுவில் துடைக்க அந்தப் பருமனான உறை போகவில்லை. ஓரத்தை மடித்து, ஒற்றை விரலால் உள்ளே விட்டுத் துடைத்தார். ஏறி, இறங்கி, அடுத்த விரல். கட்டை விரல் வரை.

"தண்ணி ஆறுது," என்றார் நர்ஸம்மா. அவசரப்படுத்தும் குரலாக இல்லை.

அடுத்த கையை எட்ட மேசையின் மேல் கொஞ்சம் சாய வேண்டியிருந்தது. ஊன்றிக்கொள்ள இடம் தேடினார். மேசையின் விளிம்பில், பிளாஸ்டிக் தாளுக்கு அடியில், மரத்தில் பென்சில் கோடுகள் தெரிந்தன. மணிக்கட்டில் தொடங்கும்போது அட்டையைத் தாண்டி மேசையில் இழுபட்ட சின்னச் சின்னக் கோடுகள். இரண்டிரண்டாக, ஒன்றன் மேல் ஒன்று, நிறைய. சில அழிந்தும் அழியாமலும், சில கறுப்பாக.

வலது கையை அங்கே வைத்தார். கோடுகளுக்கு நடுவில் மணிக்கட்டு சரியாக உட்கார்ந்தது. விரல்கள் தாமாகவே விரிந்துகொண்டன. அதை ஆடாமல் வைத்துக்கொண்டு, இடது கையால் தேய்க்க ஆரம்பித்தார்.